சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறதா? சூடு பிடிக்கும் ஜப்பான் வான்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும், நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். பழைய மஸ்டா பொங்கோ ஃப்ரெண்டீ ஒன்றை வாங்கி, பின்சீற்றைக் கழற்றிக் கட்டில் அடித்து, கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். "அண்ணை, ஓஃப் பண்ணிச் சாவியையும் எடுத்திட்டன், அடியில ஏதோ சுத்திக்கொண்டே கிடக்குது, பற்றரி வயரைக் கழட்டி விடவா?" என்றார். கழற்ற வேண்டாம், போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாரும் என்றேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் அது தானாகவே நின்றுவிட்டதாம். அப்புறம் நான் ஒன்று கேட்டேன்: இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர், அதாவது கூலன்ட், தொட்டியில் எவ்வளவு நிற்கிறது? பதில் இல்லை. வான் வாங்கி எட்டு மாதம், தொட்டியை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

சத்தம் போடுகிற ஃபேனைப் பற்றி என்னிடம் வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். சத்தமில்லாமல் குறைகிற தண்ணீரைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் திருகோணமலையில் படுக்கை போட்டு ஓடுகிற வான்கள் பெரும்பாலும் ஹயஸ், டவுன்ஏஸ், கரவான், பொங்கோ. எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது: இன்ஜின் முன் சீற்றுக்கு அடியில் கிடக்கிறது, ரேடியேற்றர் தனியே முன் மூக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீளமான ஹோஸ்கள். பின்னுக்கும் ஹீற்றர் வைத்த வான் என்றால் தண்ணீர் பின் சக்கரம் வரை போய்த் திரும்புகிறது. ஜப்பான் குளிருக்குச் செய்த வண்டி, இங்கே மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று வீசும்போது 35 பாகை வெயிலில் ஓடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள், அதனால் ஓடுகிறவை பெரும்பாலும் வயதானவை. ஃப்ரெண்டீ 1995இல் வரத் தொடங்கியது. அதன் ரப்பருக்கும் அதே வயது இருக்கலாம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரேடியேற்றர் ஃபேன் வேறு, இன்ஜின் அறை ஃபேன் வேறு. ரேடியேற்றர் ஃபேன் தண்ணீரைக் குளிர வைக்கிறது. இன்ஜின் அறை ஃபேன் டீசல் ஃப்ரெண்டீ போன்ற சில வான்களில் மட்டும் இருப்பது, சீற்றுக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கிற சூடான காற்றை வெளியே தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. தண்ணீரின் சூட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இது தெரியாமல் இன்ஜின் அறை ஃபேனை மாற்றிவிட்டு, இனி வான் சூடாகாது என்று நம்பிப் போனவர்கள் உண்டு.

சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறது

பயப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே காற்று போய் வரும். நிறுத்தியதும் காற்றும் நின்றுவிடும், தண்ணீரும் சுற்றாது, ஆனால் இன்ஜின் இரும்பில் சேர்ந்த சூடு அப்படியே மேலே கிளம்பும். நிறுத்திய முதல் சில நிமிடங்களில் அந்த அறை ஓடும்போது இருந்ததைவிட அதிகம் சுடும். அதைப் பார்த்துச் சென்சர் ஃபேனைப் போடுகிறது, சூடு தணிந்ததும் நிறுத்துகிறது.

யோசிக்க வேண்டியது இரண்டு நேரங்களில். கால் மணி நேரம் தாண்டியும் ஓடினால், அல்லது விடியற்காலையில் இன்ஜின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போது ஓடினால், றிலே (ஃபேனுக்கு மின்சாரம் கொடுக்கிற தானியங்கிச் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டது அல்லது சென்சர் வயர் எங்கோ உரசுகிறது. றிலேயை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நின்றால் குற்றவாளி அதுதான், மாற்றிவிடுங்கள், சுண்டிச் சுண்டி ஓட்டாதீர்கள், ஒரு நாள் காலையில் பற்றரி செத்துக் கிடக்கும்.

அதே காரணத்துக்காக இன்னொன்று: நிறுத்திய வான் என்று கையை உள்ளே விட வேண்டாம். மின்சார ஃபேன் தானாகவே தொடங்கக்கூடியது. விரல் போன ஆளை எனக்குத் தெரியும்.

ஃபேன் சத்தமே வரவில்லை

இதுதான் கவலைக்குரியது. மின்சார ரேடியேற்றர் ஃபேன் உள்ள வானில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வான்களில் உடனே ஒரு ஃபேனாவது சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, பியூஸைப் பாருங்கள், பிறகு பக்கத்தில் இருக்கும் அதே மாதிரியான றிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஹோன் றிலே பல வண்டிகளில் பொருந்தும். அதற்கும் அசையாவிட்டால் மோட்டரின் பிளக்கைக் கழற்றி, பற்றரியிலிருந்து இரண்டு வயர் இழுத்து நேரடியாகக் கொடுங்கள். அப்போது சுற்றினால் மோட்டர் நல்லது, பிழை வயரிலோ சென்சரிலோ. பல டொயோட்டாக்களில் ரேடியேற்றரிலுள்ள சூட்டுச் சுவிட்சின் பிளக்கைக் கழற்றினாலே ஃபேன் ஓடத் தொடங்கும், அப்படி ஓடினால் சுவிட்சை மாற்றினால் போதும்.

நேரடியாகக் கொடுத்தும் சுற்றாத மோட்டரைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிறுத்துகிற வான்களில் இதுதான் அதிகம்: உப்புக் காற்றில் தண்டு இறுகிவிடும், பிளக்கைத் திறந்தால் உள்ளே பச்சைப் பாசி மாதிரிச் செம்புக் களிம்பு. களிம்பைச் சுரண்டிவிட்டுப் பிளக்கைத் திரும்பச் செருகினால் ஒரு மாதம் ஓடும். ஒரு மாதம்தான். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

சுற்றுகிறது, ஆனால் குளிரவில்லை என்றால் திசையைப் பாருங்கள். என்னுடைய வானில் ஒரு கராஜில் மோட்டர் மாற்றினார்கள், இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஃபேன் வடிவாகச் சுற்றியது, ஆனால் பின்னாலிருந்து முன்னால். வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றும், ஃபேன் தள்ளுகிற காற்றும் ரேடியேற்றருக்குள் முட்டிக்கொண்டு நின்றன. மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் சாமியறையிலிருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வந்து கிறிலுக்கு முன்னால் பிடித்தேன். புகை உள்ளே போக வேண்டியது, என் முகத்துக்கு வந்தது.

ஊர்ந்தால் சூடு, ஓடினால் சரி

கோட்டைக்குள் நுழைந்து கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற பாதையில், திருவிழா நேரம் முதல் கியரில் ஊர்ந்துகொண்டு போகும்போது சூட்டு மீற்றரின் ஊசி ஏறுகிறது, திரும்பி வந்து கடற்கரை வீதியில் விட்டதும் இறங்கிவிடுகிறது என்றால் தண்ணீர், பம்ப், ரேடியேற்றர் எல்லாம் அநேகமாக நல்லது. வண்டி வேகத்தில் போகும்போது இலவசமாகக் காற்று கிடைக்கிறது, ஊரும்போது ஃபேன்தான் கொடுக்க வேண்டும், அது கொடுக்கவில்லை.

மின்சார ஃபேன் என்றால் மேலே சொன்னதைச் செய்யுங்கள். டீசல் ஹயஸ் மாதிரி பெல்ட்டில் ஓடுகிற ஃபேன் என்றால் பார்க்க வேண்டியது ஃபேன் கிளச்சை. நடுவில் குமிழ் மாதிரி இருக்கும், உள்ளே சிலிக்கன் எண்ணெய். சூடு ஏற ஏற அது ஃபேனை இறுகப் பிடிக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். தேன் போத்தலுக்குள் கரண்டி விட்டுச் சுழற்றுகிற மாதிரி இழுவை தெரிய வேண்டும். விட்டதும் காற்றாடி மாதிரி மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் கிளச் முடிந்தது. குமிழைச் சுற்றி எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்புக் கோடுகளாக இழுபட்டிருந்தாலும் அதே கதைதான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய கிளச் வாங்குகிறவர்கள் இந்தக் கோடு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊர்ந்தால் சரி, ஓடினால் சூடு

இது அப்படியே எதிர்ப்பக்கம், செலவும் கூட. இங்கிருந்து ஹபரணைக்கு ஏ6 வீதியில் ஏறக்குறைய 85 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டி ஏசியோடு எண்பதில் பிடித்தால் ஊசி ஏறுகிறது, ஐம்பதுக்குக் குறைத்தால் இறங்குகிறது. இங்கே ஃபேன் மேல் பழி போடுவதில் பொருள் இல்லை. இன்ஜின் கொடுக்கிற சூட்டை ரேடியேற்றரால் வாங்க முடியவில்லை.

முதலில் வெளிப்பக்கம். ஏசி கொண்டன்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையே டோர்ச் அடித்துப் பாருங்கள், மணலும் செத்த தும்பிகளும் கடதாசியும் சேர்ந்து கம்பளி போர்த்த மாதிரி இருக்கும். தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் அடித்துக் கழுவுங்கள், அழுத்தம் குறைவாக. ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளை விரலால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். பழைய அப்பளம் மாதிரி உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, உப்பு தின்றுவிட்டது.

பிறகு உட்பக்கம். கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, கை வைத்தால் தெரிந்துவிடும். இங்கேயும் கைதான் மீற்றர். வானை ஓட்டி வந்து நிறுத்தி, மேல் ஹோஸைத் தொடுங்கள், பிறகு கீழ் ஹோஸைத் தொடுங்கள். மேலது சுட வேண்டும், கீழது தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். மேலது கொதித்துக் கீழது குளிர்ந்து கிடந்தால், சூடானதும் தண்ணீரை ரேடியேற்றருக்குத் திறந்துவிடுகிற வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது பம்ப் தள்ளவில்லை. இரண்டும் ஒரே சூடு என்றால் தண்ணீர் சுற்றுகிறது, ஆனால் ரேடியேற்றரில் சூட்டைக் கொடுக்காமலே திரும்புகிறது. ரேடியேற்றரின் முகத்தையும் தடவிப் பாருங்கள், நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டவை. யாரையாவது ஆக்சிலேற்றரை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழ் ஹோஸையே பாருங்கள். சில பழைய ஹோஸ்கள் வேகம் கூடும்போது உறிஞ்சுகுழல் மாதிரிச் சப்பிப் போகும்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு சண்டை இருக்கிறது. "எங்கட வெக்கைக்கு இது என்னத்துக்கு?" என்று கழற்றி எறிகிற கராஜ் பாஸ்மார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். இன்ஜின் சூடானதும் அது குறுக்குப் பாதையை மூடி, எல்லாத் தண்ணீரையும் ரேடியேற்றருக்கு அனுப்பும். கழற்றிவிட்டால் அந்தக் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைப் பார்க்காமலே திரும்பி இன்ஜினுக்குள் போகும். சூட்டைக் குறைக்கக் கழற்றி, சூட்டைக் கூட்டிக்கொள்கிறார்கள். சந்தேகம் என்றால் ஒரு பழைய தகர டப்பாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள். 82 என்று குத்தியிருந்தால் தண்ணீர் கொதிக்கும் முன்பே வாயைத் திறக்க வேண்டும். சமையல் சட்டி வேண்டாம், கூலன்ட் நஞ்சு.

ஊசி நடுவில்தான் நிற்கிறது, ஆனால் சீற் சுடுகிறது

உடனே நிறுத்துங்கள். ஊசி சொல்வதைக் கேட்காதீர்கள்.

இந்த வான்களின் சூட்டு மீற்றர் ஓட்டுநரைப் பயமுறுத்தாமல் இருக்கச் செய்தது போல. சாதாரணச் சூட்டின் எல்லைக்குள் கூடினாலும் குறைந்தாலும் ஊசி ஒரே இடத்தில் நிற்கும்படி ஃப்ரெண்டீயில் அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது ஏற்கெனவே பிந்திவிட்டது. அதைவிட மோசமானது, தண்ணீர் குறைந்துவிட்டால் சென்சர் தண்ணீருக்குள் இருக்காது, காற்றுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். காற்றில் தொங்கும் சென்சருக்குத் தண்ணீரின் சூடு எப்படித் தெரியும்? இன்ஜின் வறண்டு வேகும், ஊசி பேசாமல் இருக்கும்.

தண்ணீர் எங்கே போகிறது? பின் ஹீற்றர் குழாய்களைப் பாருங்கள். வானின் வயிற்றுக்கு அடியில் இரும்புக் குழாய்களாகப் பின்னுக்குப் போகும். திருகோணமலையில் யார் ஹீற்றர் போடுகிறார்கள்? போடாததால் யாரும் நினைப்பதுமில்லை. கடற்கரை மணலும் உப்பும் தெறித்து அந்தக் குழாய்கள் வெளியிலிருந்து துருப்பிடிக்கும், கிளிப் இருக்கும் இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும். ஓடும்போது சொட்டுவது வீதியிலேயே காய்ந்துவிடும், நிறுத்திய இடத்தில் ஈரம் இருக்காது. குனிந்து, குழாயோரம் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த படிவு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு பின் ஹீற்றர் தேவையில்லை, முன்னாலேயே இரண்டு குழாயையும் ஹோஸால் ஒன்றோடொன்று இணைத்து வெட்டிவிட்டேன். ஆயிரம் யோசனை சொல்வார்கள், நம் ஊருக்கு இதுதான் சரி.

காசு செலவழிக்க ஒன்றுதான் என்றால் தண்ணீர் குறைந்தால் கத்துகிற அலாரம் ஒன்று போடுங்கள். ஃபேனுக்கோ மீற்றருக்கோ செலவழிப்பதற்கு முன் இது. அதுவரைக்கும் தினமும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, தொட்டியைப் பாருங்கள். கட்டில் அடிக்கிற தச்சரிடமும் சொல்லி வையுங்கள்: தண்ணீர் விடும் வாயையும் இன்ஜின் மூடியையும் பலகை வைத்து ஆணியடித்து மூட வேண்டாம். நான் பார்த்த ஒரு டவுன்ஏஸில் மெத்தை, பலகை, சாமான் பெட்டி மூன்றையும் இறக்கினால்தான் இன்ஜின் மூடியைத் தூக்க முடியும். அந்த வானில் தண்ணீர் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

கூலன்ட் மாற்றிய பிறகுதான் பிரச்சினையே தொடங்கியது

காற்று அடைத்துக்கொண்டது. குழாய்கள் நீளம், ஏற்ற இறக்கம் அதிகம், மேடான இடத்தில் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் பம்ப் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் தாண்டாது. வானின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள், என் வீட்டு வாசல் சரிவு இதற்கென்றே கட்டிய மாதிரி. ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்து வையுங்கள். வருடக்கணக்கில் திறக்காத ஹீற்றர் வால்வு இறுகியிருக்கும், நெம்பினால் உடையும், மெல்லக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். ஃப்ரெண்டீயில் காற்று எடுப்பதற்கென்றே சீற்றுக்கு அடியில் ஒரு சின்ன ஹோஸ் இருக்கிறது, அதை உயரத் தூக்கிப் பிடித்து அதன் வழியே புனல் வைத்து விட வேண்டும். மற்ற வான்களில் ரேடியேற்றர் வாயில். அவசரப்படாமல் ஊற்றுங்கள், இன்ஜினை ஓட விடுங்கள், குமிழி வருவது நிற்கும் வரை, ஹீற்றரில் சூடான காற்று வரும் வரை. சூடான காற்று வரவில்லை என்றால் இன்னும் உள்ளே காற்று இருக்கிறது. அடுத்த நாள் குளிர்ந்த பிறகு மட்டம் குறைந்திருக்கும், அது வழக்கம், நிரப்புங்கள்.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கடற்கரையோரக் கிணறுகள் உவர், அந்தத் தண்ணீர் உள்ளே கொதித்தால் கேத்தலின் அடியில் படிகிற மாதிரி ரேடியேற்றருக்குள் படியும். கலந்து விற்கிற கூலன்ட் வாங்குங்கள், அல்லது கலக்காத கூலன்டைப் பற்றரித் தண்ணீரோடு (அசிட் இல்லை, வடித்த தண்ணீர்) பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். "இங்க பனியா பெய்யுது?" என்று கேட்பார்கள். பனிக்காக இல்லை. துருவைத் தடுக்கவும், கொதிநிலையைக் கூட்டவும்தான். வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், பாதிக்குப் பாதிக் கலவை கிட்டத்தட்ட 107இல், மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் அதையும் நன்றாகத் தாண்டும். மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ எண் இருக்கும், அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் வெடித்த மூடியோடு எவ்வளவு நல்ல கூலன்ட் விட்டாலும் சும்மா.

பழைய கூலன்டை வீதியோரம் ஊற்றிவிட்டுப் போகாதீர்கள். அது இனிக்கும். நம் டவுனில் மான்கள் தெருவில் நின்று கண்டதையும் நக்குகின்றன.

வழியில் ஆவி கிளம்பிவிட்டது

ஏசியை நிறுத்துங்கள், ஹீற்றரை முழுதாகப் போடுங்கள், ஜன்னல்களைத் திறவுங்கள். ஹீற்றர் என்பது இன்னொரு சின்ன ரேடியேற்றர்தான், ஓரம் கட்டும் வரை கொஞ்சச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே மாலை நேரம் என்றால் யானை கடக்கிற இடம் பார்த்து, ஆள் நடமாட்டமுள்ள கடையோரமாக நிறுத்தப் பாருங்கள். ஆனால் ஆவி கடுமையாக வந்தால் யானைக்குப் பயந்து இன்ஜினைக் கொல்லாதீர்கள், நிறுத்திவிட்டு உள்ளேயே இருங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். முக்கால் மணி நேரம். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும், அதற்குப் பிறகு தடித்த துவாயைப் போட்டு முதல் படி வரை மட்டும் திருகுங்கள், சீறல் நின்ற பிறகு முழுதாக. சூடான இன்ஜினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்ற வேண்டாம், இன்ஜினின் மேல் பாகமான ஹெட் கண்ணாடி மாதிரி வெடிக்கும். இன்ஜினை ஓட விட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக.

காலையில் ஹோஸ் கல்லாக இருக்கிறது

இரவு முழுக்க நின்ற வான், இன்ஜின் குளிர்ந்து போய்விட்டது, மேல் ஹோஸை அமுக்கினால் அமுங்க மறுக்கிறது. அல்லது மூடியைத் திறந்து வைத்துக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் ரேடியேற்றர் வாயில் சோடாப் போத்தல் மாதிரி விடாமல் குமிழி வருகிறது. தொட்டித் தண்ணீரில் டீசல் மணம், காலையில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை. எரியறையிலிருந்து வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஹெட்டுக்கு அடியில் இருக்கிற காஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் வெடித்திருக்கலாம். ஃப்ரெண்டீயின் 2.5 லீற்றர் டர்போ டீசல் ஒரு தடவை வறண்டு ஓடினாலே ஹெட் வெடிப்பதற்குப் பேர் போனது.

இங்கே போத்தலில் விற்கிற கசிவடைப்பு மருந்தை ஊற்றாதீர்கள், அது ஓட்டையை அடைப்பதற்கு முன் ஹீற்றரையும் ரேடியேற்றரையும் அடைத்துவிடும். தண்ணீர் நிரப்பிக்கொண்டே கொழும்பு வரை போய்விடலாம் என்று கிளம்பவும் வேண்டாம். கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டு போங்கள், ஹெட்டைக் கழற்றியதும் காஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள், ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

நிலாவெளித் தம்பியின் வானில் ஹோஸ் மெத்தென்றுதான் இருந்தது. தொட்டியில் மூன்று லீற்றர் குறைந்திருந்தது, பின் ஹீற்றர் குழாயில் கிளிப்புக்குக் கீழே குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை.